துளையொன்று விலகினால்...

மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையின் முகாமொன்றில், எஸ்.எல்.ஆர். எனப்படும் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். அதுவரை நாங்கள் அறிந்ததெல்லாம் .22 ரைபிளும் பழைய .303 ரைபிளும்தான். அவற்றில் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட்டைக் கையால் திருப்பி, பின்னுக்கு இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்த வேண்டும். எஸ்.எல்.ஆர். அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் என் முறை வந்தபோது அது செய்யவில்லை. ஒரு குண்டு பாய்ந்தது. வெற்றுக் கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

“தோட்டா சரியில்லை, சார்” என்றேன்.

பயிற்சியளித்த ஹவில்தார் சிரித்தார். துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களை அகற்றி, குழலின் மேற்புறமிருந்த ஒரு சிறு வளையத்தை இரண்டு பல் திருப்பினார். “தோட்டா மேலே பழி போடாதே தம்பி. அதுக்குச் சாப்பாடு பத்தலே” என்றார். அதன் பின் துப்பாக்கி ஒழுங்காகவே சுட்டது.

துப்பாக்கிக்கு என்ன சாப்பாடு? அன்று விளங்காத அந்தச் சொல், இயற்பியல் படித்த பின்னரே விளங்கிற்று. அந்தச் சாப்பாடு செல்லும் வழி ஓர் ஊசித்துளை. அத்துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால் என்ன நேரும், அதை எப்படிக் கண்டறிவது, எப்படிச் சரிசெய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தோட்டாவிலுள்ள மருந்து எரியும்போது மிகுந்த அழுத்தமுள்ள வாயு உண்டாகிறது. அதுவே குண்டைக் குழலின் வழியே உந்தித் தள்ளுகிறது. குழலின் நடுவிலோ முனைக்குச் சற்றுப் பின்னாலோ, பக்கச் சுவரில் ஒரு சிறு துளை இட்டிருப்பார்கள். குண்டு அத்துளையைக் கடந்தவுடன் வாயுவில் ஒரு சிறு பங்கு அதன் வழியே வெளியேறும். அதைப் பிடித்துத் திசை திருப்பிப் பின்னோக்கி அனுப்புவதற்காகக் குழலின் மேல் மாட்டியிருக்கும் உலோகக் கட்டையைத்தான் ‘கேஸ் பிளாக்’ என்பார்கள். எஸ்.எல்.ஆரிலும் கலாஷ்னிகோவ் துப்பாக்கியிலும் அந்த வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும். அமெரிக்காவின் யூஜின் ஸ்டோனர் 1950-களில் வடிவமைத்த ஏ.ஆர்.-15 வகையில் தனிப் பிஸ்டன் தண்டு கிடையாது. மெல்லிய குழாயொன்றின் வழியே வாயுவே நேராகப் பின்னால் வந்து போல்ட் கேரியரைத் தள்ளிவிடும். இரண்டிலும் தத்துவம் ஒன்றே. ஏரி நீர் எவ்வளவு இருந்தாலும் மதகு திறக்கும் அளவுக்குத்தான் வயலுக்குப் பாயும் அல்லவா? இங்கே ஏரி குழல். மதகு அந்தத் துளை.

ஆனால் இந்த மதகு திறந்திருக்கும் காலம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? எம்.16 எனப் படைத்துறையில் பெயர் பெற்ற துப்பாக்கியில் குழலின் நீளம் 20 அங்குலம். துளை ஏறத்தாழ 13 அங்குலத்தில் இருக்கிறது. எஞ்சியது 7 அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டர். குண்டு அந்தத் தொலைவை விநாடிக்கு 900 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் கடக்கிறது. வகுத்துப் பார்த்தால் விநாடியில் 5000-ல் ஒரு பங்கு! குண்டு முனையை விட்டு நீங்கியதும் அழுத்தம் சரசரவென்று விழுந்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு குறைந்த அந்தப் பொழுதில் துளை வழியே வந்ததுதான் சாப்பாடு. அதற்குப் பின் பந்தி கிடையாது.

எஸ்.எல்.ஆரில் ஹவில்தார் திருப்பிய வளையம் இந்த வாயுவில் எவ்வளவை வீணாக வெளியே விடுவது என்பதைக் கட்டுப்படுத்துவது. அதை அடைத்தால் பிஸ்டனுக்குக் கூடுதல் வாயு கிடைக்கும். மேலும் அதன் கேஸ் பிளாக்கைத் தொழிற்சாலையிலேயே ஆணியடித்துப் பொருத்திவிடுவதால் அது எளிதில் நகராது. ஏ.ஆர்.-15 வகையின் வழக்கமான அமைப்பில் அப்படிப்பட்ட வளையம் இல்லை. துளையின் அளவு என்னவோ அதுவே கணக்கு. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் குழலை ஒரு கடையிலும் கேஸ் பிளாக்கை மற்றொரு கடையிலும் வாங்கி, வீட்டுப் பட்டறையிலேயே பூட்டிக்கொள்வோர் ஏராளம். ஆகவேதான் ‘கேஸ் பிளாக் விலகல்’ என்னும் நோய் அங்கே அடிக்கடி பேசப்படுகிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் திருப்புளியைத் தேட வேண்டாம்!

துளைக்கு வருவோம். எம்.16-இன் 20 அங்குலக் குழலில் அத்துளையின் விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர். அதன் தம்பியான எம்.4 என்னும் குட்டைத் துப்பாக்கியில் துளை அழுத்தம் மிகுந்த இடத்தில் இருப்பதால் சுமார் 1.6 மில்லிமீட்டர் போதும். கேஸ் பிளாக்கின் உட்புறத்திலும் ஒரு துளை உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் வழி முழுதாகத் திறக்கும்.

இனி, இரண்டும் ஒரே அளவுள்ள துளைகள் என்றும், ஒன்று 0.6 மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். இரு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும்போது பொதுவாக அமையும் பரப்பைக் காண்பது நம் கணித மாணவர்களுக்குப் பழகிய கணக்குத்தான். 2.4 மில்லிமீட்டர் துளையில் திறந்திருக்கும் பரப்பு நூற்றுக்கு 68 பங்காகக் குறைகிறது. 1.6 மில்லிமீட்டர் துளையிலோ 53 பங்குதான் மிஞ்சுகிறது. ஏறத்தாழப் பாதிச் சாப்பாடு பறிபோயிற்று! விலகல் ஒன்றே, சிறிய துளைக்குத்தான் அடி பலம். இந்த ஆபத்தை அறிந்தே நல்ல உற்பத்தியாளர்கள் பிளாக்கின் துளையைக் குழலின் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இடுகிறார்கள். அப்போது சிறு விலகல் ஒன்றும் செய்யாது. எல்லாரும் அப்படிச் செய்வதில்லை என்பதே தொல்லை.

0.6 என்ற எண்ணை நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. குழலில் துளைக்குப் பின்னால் ஒரு படி இருக்கும். அதுவரை குழல் தடிமனாகவும் அதன் முன்னால் மெலிந்தும் காணப்படும். படைத்துறை அமைப்பில் அந்தப் படிக்கும் பிளாக்குக்கும் இடையே, கைப்பிடி உறையைத் தாங்கும் மெல்லிய தகடொன்று சொருகியிருக்கும். அதன் கனம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். தகட்டைக் கணக்கில் கொண்டே துளையின் இடமும் குறிக்கப்பட்டிருக்கிறது. புதுவகை நீண்ட உறையைப் பொருத்துகிறவர் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய பிளாக்கைப் படியில் முட்டும் வரை தள்ளி இறுக்கிவிடுகிறார். ‘நன்றாக முட்டி உட்கார்ந்துவிட்டது’ என்று மனநிறைவு வேறு! அங்கேதான் துளை விலகிற்று. வேலை தெரிந்தவர்கள் தகட்டுக்குப் பதிலாக ஒரு பழைய வங்கி அட்டையை இடையில் வைத்து இறுக்கிய பின் உருவிவிடுவதுண்டு. அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். ஆனால் சில பிளாக்குகளைப் படியில் முட்டும்படியாகவே செய்கிறார்கள். ஆகவே அட்டையை நம்புவதைவிட அளந்து பார்ப்பதே மேல்.

முன்பின்னாக விலகுவது ஒரு வகை; சுற்றிலும் திரும்பிவிடுவது மற்றொரு வகை. பிளாக் அமரும் இடத்தில் குழலின் விட்டம் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர். சுற்றளவைக் கண்டு 360-ஆல் வகுத்தால், ஒரு பாகை திரும்பினால் துளை 0.17 மில்லிமீட்டர் நகரும் என்று தெரிகிறது. மூன்று பாகை திரும்பினால் அரை மில்லிமீட்டர். மூன்று பாகைச் சாய்வை வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம்; நம் வீட்டுச் சுவர்ப் படங்களில் பாதி அதற்கு மேலும் சாய்ந்திருக்கும்.

நோயின் குறிகள் யாவை? சாப்பாடு குறைந்தால் போல்ட் முழுத் தூரமும் பின்னே செல்லாது. வெற்றுக் கூடு வெளியே வராமல் சிக்கும். வந்தாலும் சோர்வாகப் பின்பக்கம் விழும். சில வேளை கூடு வெளியேறிவிடும், ஆனால் போல்ட் அடுத்த தோட்டாவை எட்டாமலே திரும்பி வெறுமனே மூடிக்கொள்ளும். கடைசித் தோட்டா சுட்ட பின் போல்ட் பின்னால் நின்றுகொள்ள வேண்டிய இவ்வகைத் துப்பாக்கியில் அது நில்லாது. எளிய சோதனை இதுதான்: மேகஸினில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இட்டுச் சுட வேண்டும். போல்ட் பின்னால் நின்றதா? ஐந்தாறு முறையும் நின்றால் வாயு போதும். ஒரு முறை நின்று ஒரு முறை நில்லாதிருந்தால், நோய் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். இதுதான் ஏமாற்றுகிற நிலை. வலுவான தோட்டாவுக்கு ஓடும், மென்மையான தோட்டாவுக்கு நிற்கும். உரியவரும் ‘தோட்டா சரியில்லை’ என்று என்னைப் போலவே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் இதே குறிகள் வேறு நோய்களுக்கும் உண்டு. காய்ச்சல் என்றவுடன் மலேரியா என்று முடிவு கட்டலாமா? முதலில் எளியவற்றை விலக்க வேண்டும். வேறு தோட்டா, வேறு மேகஸின், போதிய எண்ணெய். பிறகு போல்ட்டின் மீதுள்ள மூன்று வாயு வளையங்கள். போல்ட்டை முன்னே இழுத்துவிட்டு, அதன்மேல் கேரியர் நிற்கும்படி மேசைமேல் வைத்தால், வளையங்கள் நல்லவையாயின் கேரியர் சரியாமல் நிற்கும்; தேய்ந்திருந்தால் தன் எடையாலேயே இறங்கிவிடும். அடுத்து, கேரியரின் மேலே வாயுவை வாங்கிக்கொள்ளும் மூக்கின் இரண்டு திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாயுக் குழாயை மேல்கீழாக மாட்டிவிட்டவர்களும் உண்டு! அதன் முன்முனையின் துளை கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் வாயு நுழைய வழியே இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் கேஸ் பிளாக்கின்மேல் விழுகிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை மேகஸினைக் கழற்றி, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யாமல் இனி எதையும் தொடக் கூடாது. இதை மட்டும் எங்கள் ஹவில்தார் ஒரு நாளில் இருபது முறை சொல்லுவார்.

முதலில் கழற்றாமலே பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் நீக்கிவிட்டு, வெறும் கேரியரை மட்டும் உள்ளே விட்டு, துப்பாக்கியின் மேற்பாகத்தை முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். கேரியர் தன் எடையிலேயே வழுக்கி வந்து வாயுக் குழாயின் முனையை உரசலின்றி ஏற்றுக்கொண்டால் குழாய் நேராக உள்ளது. உரசினாலோ தடுத்தாலோ, பிளாக் ஒருபுறம் திரும்பிக் குழாயையும் வளைத்திருக்கலாம். குழாய் வழியே வாயால் ஊதிப் பார்ப்பதும் வழக்கில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காற்று வந்தால் வழி இருக்கிறது என்றுதான் தெரியும். வழி எவ்வளவு அகலம் என்பதைக் காற்று சொல்லாது. பாதி மூடிய துளையும் ஊதினால் பாடத்தான் செய்யும். குழலுக்குள் செலுத்தும் சிறு கேமரா இன்று மலிவாகவே கிடைக்கிறது. துளையின் ஊடே பார்த்தால் பிளாக்கின் உலோக விளிம்பு எட்டிப் பார்க்கிறதா என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.

கேமரா இல்லையேல் கழற்ற வேண்டியதுதான். கழற்றுவதற்கு முன் பிளாக் இருக்கும் இடத்தைக் குழலின்மேல் பென்சிலால் குறித்துக்கொள்வது நலம். இப்போது, சுடப்பட்ட துப்பாக்கி தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருக்கும். வாயு தொட்ட இடமெல்லாம் கரி படியும். குழலின் துளையைச் சுற்றி நாற்புறமும் ஒரே அளவில் மெல்லிய கரி வளையம் இருந்தால் இரண்டு துளைகளும் நடுவொத்து இருந்தன. கரி ஒரு பக்கம் மட்டும் பிறை போலப் படிந்திருந்தால், பிளாக்கின் துளை அந்தப் பக்கம் விலகியிருந்தது. பிறை பின்பக்கம் இருந்தால் பிளாக்கைப் பின்னே அதிகம் தள்ளியிருக்கிறார்கள். பக்கவாட்டில் இருந்தால் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இத்தனை தெளிவாகத் தன் குறையை எழுதித் தரும் இயந்திரத்தை நான் வேறு கண்டதில்லை.

பிறகு அளவை. நம் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் சலிப்போடு கையாளும் வெர்னியர் காலிப்பர்தான் இங்கே நாயகன். குழலின் படியிலிருந்து துளையின் நடு வரை ஓர் அளவு. பிளாக்கின் பின்விளிம்பிலிருந்து அதன் துளையின் நடு வரை மற்றோர் அளவு. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே படிக்கும் பிளாக்குக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. 0.6 வந்தால் 0.6, சுழியம் வந்தால் முட்ட வைக்கலாம். ஊகத்துக்கு இடமில்லை.

திரும்பும் விலகலைத் தடுக்க, துளையின் நடுவழியே குழலின் நீளவாக்கில் ஒரு நேர்கோடு இழுத்து, அதைப் பிளாக் மறைக்காத பகுதி வரை நீட்ட வேண்டும். பிளாக்கின் முன்முகத்திலும் அதன் துளைக்கு நேராக ஒரு கோடு. இரு கோடுகளும் சந்திக்குமாறு வைத்து, இடைவெளிக்கேற்ற தகட்டைச் சொருகி, அடியிலுள்ள இரண்டு தலையில்லாத் திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றையே முழுதாக இறுக்கினால் பிளாக் அந்தப் பக்கம் இழுபடும். திருகு பதியும் இடத்தில் குழலில் ஆழமில்லாத குழியொன்று இட்டிருந்தால் மீண்டும் நகர வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் குழி தப்பான இடத்தில் விழுந்துவிட்டால், இறுக்கும்போதெல்லாம் திருகு தன் பழைய குழியையே தேடிப் போகும், விலகல் நிரந்தரமாகிவிடும். ஆகையால் அது கைதேர்ந்த கம்மியர் செய்ய வேண்டிய வேலை. படைத்துறைத் துப்பாக்கிகளில் திருகை நம்பாமல், குறுக்கே இரண்டு டேப்பர் பின்களை அடித்துப் பிளாக்கைக் குழலோடு பிணைக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாயு போதவில்லை என்றவுடன் சிலர் துளையை டிரில் கொண்டு பெரிதாக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் மெலிந்த ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். துப்பாக்கி ஓடத் தொடங்கும், வைத்தியர் மகிழ்வார். ஆனால் விலகிய துளை விலகியே இருக்கிறது. பின்னாளில் ஒருவர் பிளாக்கைச் சரியாகப் பொருத்தினால் பெரிதாக்கிய துளை முழுதும் திறந்து, வாயு வெள்ளமாய்ப் பாயும். ஸ்பிரிங்கைத் திரும்ப மாற்றலாம். இட்ட துளையைச் சிறிதாக்க முடியுமா?

வாயு மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே சான்று. 1964-இல் எம்.16-இன் தோட்டாவுக்கான வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டது. புதிய மருந்தால் துளையருகே அழுத்தம் கூடிற்று, போல்ட் வேண்டியதைவிட வேகமாக ஓடிற்று, கரியும் மிகுந்தது. துளை மாறவில்லை, அதன் வழியே வந்தது மாறிவிட்டது. தோட்டா அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. துப்புரவுக் கருவிகளும் போர்வீரர் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. எல்லாமாகச் சேர்ந்து, வியட்நாம் களத்தில் வெற்றுக் கூடு அறையிலேயே சிக்கிக்கொள்ள, எதிரியின் முன் பயன்படாத துப்பாக்கியோடு நின்று மாண்ட இளைஞர்கள் உண்டு. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழுவொன்று ரிச்சர்ட் இக்கார்டு என்பவரின் தலைமையில் விசாரித்து, படைத்துறை நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஆண்டுகளில் குரோம் பூச்சும், போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் புதிய பாகமும், துப்புரவுக் கருவிகளும் வந்து சேர்ந்தன. அங்கே நிகழ்ந்தது துளை விலகல் அன்று. எனினும் வாயு கூடினாலும் குறைந்தாலும் அதன் விலையைக் கொடுப்பவன் துப்பாக்கியைப் பிடித்திருப்பவனே என்பதை அந்த விசாரணை ஏடுகள் காட்டுகின்றன. டிரில்லைக் கையிலெடுப்பவர்கள் அவற்றை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பொருத்தி முடித்த பின் மீண்டும் அதே ஒற்றைத் தோட்டாச் சோதனை, கண்ணாடி அணிந்து, சுடுதளத்தில். மென்மையான தோட்டா ஒன்றிலும் வலுவான தோட்டா ஒன்றிலும் போல்ட் தவறாமல் பின்னால் நின்றால் வேலை முடிந்தது. கேஸ் பிளாக் கடுமையாகச் சூடேறும் பாகம்; சாதாரணத் திருகுப் பசை அங்கே நீர்த்துவிடும். ஆகவே திருகின் முகத்திலிருந்து பிளாக்கின்மேல் வரை வெள்ளை வண்ணத்தால் ஒரு மெல்லிய கோடு இட்டு வைப்பார்கள். நூறு தோட்டா சுட்ட பின் துடைத்துப் பார்க்கும்போது கோடு முறிந்திருந்தால், திருகு நகர்ந்திருக்கிறது; மறுபடியும் வெர்னியரை எடுக்க வேண்டும்.